தாயைக் காணாத பச்சிளம் பூனைக்குட்டி: முதலில் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: கானாடுகாத்தான் ஆச்சி

ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டை, ஆனி மாதம் நடக்கவிருக்கும் மகளின் திருமணத்தை முன்னிட்டு நேற்றுத் திறந்து, ஆட்களை வைத்துக் கழுவத் தொடங்கினோம். இரண்டாம் கட்டில் பெரிய பாத்திரங்கள் அடுக்கியிருக்கும் அறையில், கவிழ்த்து வைத்த அண்டாக்களுக்குப் பின்புறம், கண் திறக்காத பூனைக்குட்டி ஒன்று தனியே கிடந்து கத்திக்கொண்டிருந்தது. தொப்புள்கொடியின் காய்ந்த துண்டு இன்னும் வயிற்றில் ஒட்டியிருப்பதால், பிறந்து மூன்று நான்கு நாள்களுக்கு மேல் ஆகியிருக்காது என்று எண்ணுகிறேன். உடன்பிறந்த குட்டிகள் எவையும் அங்கே இல்லை. சாம்பல் நிறப் பூனை ஒன்று சில நாள்களாகக் கூரையோரம் திரிந்ததைக் காவலுக்கு இருப்பவர் பார்த்திருக்கிறார். நேற்று மாலை நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்தது அதுதானா என்பதை அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் பசும்பால் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் புகட்டிய வெள்ளிச் சங்கும் இருக்கிறது. சங்கில் ஊற்றிப் புகட்டலாமா? வைகாசி வெயில் கொளுத்துவதால் குட்டியை மின்விசிறிக்கு அடியில் வைக்கலாமா? இன்னொரு கவலையும் உண்டு. என் மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. வாரக் கடைசியில் சென்னையிலிருந்து வருகிறாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை ஆகாது என்று பெரியவர்கள் அழுத்தமாகச் சொல்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: பள்ளத்தூர்க்காரர்

ஆச்சி, பாலைப் பற்றி யோசிப்பதற்கு முன், குட்டி உண்மையிலேயே தாயை இழந்துவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பூனைகள் பிள்ளைப்பேற்றுக்குத் தேடி வருவதற்குக் காரணம், அங்கே ஆள் நடமாட்டமோ நாய்த் தொல்லையோ இல்லை என்பதுதான். திடீரென்று கதவுகள் திறந்து, துடைப்பமும் பினாயில் வாடையும் உள்ளே நுழைந்தால், தாய்ப்பூனை தன் குட்டிகளைக் கழுத்துத் தோலைக் கவ்வி ஒவ்வொன்றாக வேறிடத்துக்குக் கொண்டுபோகும். ஒரே பிரசவத்தில் ஒரு குட்டி மட்டும் பிறப்பது பூனைகளிடம் அரிது என்பதால், மற்றவற்றைத் தூக்கிச் சென்ற தாய், ஆட்கள் வந்துவிட்டதால் கடைசிக் குட்டிக்குத் திரும்பி வர அஞ்சிப் பக்கத்து வீட்டுக் கூரையில் காத்திருக்கவும் கூடும். சாலையில் அடிபட்டது வேறொரு பூனையாக இருக்கலாம் அல்லவா?

எனவே அந்த அறையைக் கழுவும் வேலையை மட்டும் நிறுத்திவிட்டு, தாய் வந்துபோகும் சன்னலையோ பின்கட்டுக் கதவையோ திறந்து வையுங்கள். குட்டியைக் கண்டெடுத்த இடத்திலேயே, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றின் அருகில் கிடத்தி, சுற்றிலும் பச்சரிசி மாவை மெல்லிய வளையமாகத் தூவுங்கள். தாய் வந்து போனால் மாவில் பாதத் தடம் விழும். கல்மாவுக் கோலப்பொடியைப் பயன்படுத்த வேண்டாம். நக்கினாலும் தீங்கு செய்யாத அரிசி மாவே ஏற்றது. கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வராது. அடுத்த கட்டுக்குப் போய்விடுங்கள். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்று ஊரில் சொல்வதை நம்பித் தயங்க வேண்டியதில்லை, பூனைகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை.

ஆனால் இந்தக் காத்திருப்புக்கு ஒரு வரம்பு உண்டு. குட்டி வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருந்தால் நான்கைந்து மணி நேரம் பொறுக்கலாம். உடல் சில்லிட்டிருந்தாலோ, எறும்பு மொய்த்தாலோ, காயம் இருந்தாலோ ஒரு நிமிடம்கூடப் பொறுக்கலாகாது.


கானாடுகாத்தான் ஆச்சி

தம்பி, தாங்கள் சொன்னபடியே மாவு தூவி வைத்தோம். பூனைத் தடம் எதுவும் விழவில்லை, எறும்புச் சாரைதான் மாவைத் தேடி வந்தது. குட்டியைத் தூக்கியபோது கால்களும் வாயும் குளிர்ந்திருந்தன, கத்தலும் தேய்ந்துவிட்டது. இனிக் காத்திருப்பது சரியன்று என்று மடியில் எடுத்து வைத்திருக்கிறேன். உடனே பால் கொடுக்கலாமா?


மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், காரைக்குடி

உடனே கொடுக்க வேண்டாம், ஆச்சி. நான் சொல்ல விரும்புவதில் தலையாயது இதுதான்: குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் நஞ்சுக்கு ஒப்பானது. பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டியின் உடல் வெப்பம் 35 முதல் 36 பாகை செல்சியசு வரை இருக்கும். வளர்ந்த பூனைக்கு 38 முதல் 39 வரை. குட்டியின் வெப்பம் 34 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் அதன் குடல் இயக்கம் நின்றுபோகும். உறிஞ்சும் திறனும் விழுங்கும் திறனும் குன்றும். அந்நிலையில் புகட்டும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிப் புளித்துவிடும், அல்லது புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். பசியால் சாவதற்கு முன்பே குளிரால் சாகும் குட்டிகளே மிகுதி.

வைகாசியில் குளிரா என்று நீங்கள் கேட்கலாம். நம் முன்னோர் கட்டிய வீடுகளின் தடித்த சுவர்களும், சுண்ணாம்புப் பூச்சும், உயர்ந்த கூரையும், முற்றத்தின் வழியாக வரும் காற்றும், காலை வைத்தால் சில்லென்றிருக்கும் ஆத்தங்குடிக் கல்லும் வெயிலைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. நமக்கு இதமாக இருக்கும் அந்தத் தரை, தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளவோ நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவோ தெரியாத நூறு கிராம் உயிரிடமிருந்து வெப்பத்தை இடைவிடாமல் உறிஞ்சிவிடும். பூனைக்குட்டிக்கு இந்தத் திறன் ஓரளவு கைவர மூன்று நான்கு வாரங்கள் ஆகும். ஆகவே மின்விசிறி கூடவே கூடாது. வெறுந்தரையில் வைத்த அட்டைப்பெட்டியும் கூடாது.

இப்போது குட்டியை உங்கள் உடலோடு அணைத்துச் சேலை முந்தானையால் மூடி வையுங்கள். வெந்நீர் நிரப்பிய புட்டியில் துணி சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். அல்லது அரிசியைப் பருத்தித் துணியில் முடிந்து, தோசைக்கல்லில் ஒத்தடத்துக்குச் சூடாக்குவதுபோல் இளஞ்சூடாக்கி வைக்கலாம். எதுவாயினும் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே குட்டியின் அருகில் கொண்டுபோக வேண்டும். அதன் தோல் எளிதில் வெந்துவிடும். அவசரப்பட்டு முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவதும், வெந்நீரில் முக்குவதும் ஆபத்தானவை. ஓரிரு மணி நேரத்தில் படிப்படியாகச் சூடேற வேண்டும். சுண்டுவிரல் நுனியைக் குட்டியின் வாய்க்குள் வையுங்கள். உள்ளே வெதுவெதுப்பு தெரிந்து, அது விரலைச் சப்பத் தொடங்கினால் அதுதான் பால் கொடுக்கும் நேரம். சூடேறிய பிறகும் சோர்ந்திருந்தால், சர்க்கரை கரைத்த நீரை விரலால் தொட்டு ஈறில் ஒரு பூச்சுப் பூசலாம், ஊற்றக் கூடாது.

படுக்கைக்கு நம் பனையோலைக் கொட்டானைவிடச் சிறந்தது கிடையாது. பெரிய கொட்டான் ஒன்றில் நைந்த கண்டாங்கியையோ பழைய வேட்டியையோ பல மடிப்பாக விரித்து, ஒரு பக்கத்தில் மட்டும் வெந்நீர்ப் புட்டியை வையுங்கள். மறுபக்கம் சூடின்றி இருக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி அங்கே ஊர்ந்துபோக இடம் வேண்டும் அல்லவா? நூல் கண்ணிகள் நீண்டிருக்கும் துண்டைத் தவிர்த்துவிடுங்கள், நகம் சிக்கிக்கொள்ளும். முதல் வாரத்தில் படுக்கையின் வெப்பம் 30 முதல் 32 பாகை வரை இருப்பது நலம். பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பழைய குண்டு பல்பு இருந்தால் கொட்டானுக்கு மேலே தொலைவாகத் தொங்கவிடலாம். இப்போது எல்லா வீட்டிலும் எரியும் எல்.இ.டி. விளக்கில் வெளிச்சம் உண்டு, வேண்டிய சூடு கிடையாது. மின்தடை வந்தாலும் கைகொடுப்பது வெந்நீர்ப் புட்டியே. அது ஆறிவிட்டால் குட்டியின் சூட்டைத் தானே உறிஞ்சத் தொடங்கும் என்பதால், மாற்றும் நேரத்தைத் தவற விடாதீர்கள்.

இனிப் பாலுக்கு வருவோம். பூனைப்பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பால்சர்க்கரையோ பசும்பாலில்தான் மிகுதி. எனவே பசும்பால் குடித்த குட்டிக்குப் பெரும்பாலும் கழிச்சல் காணும். அவ்வளவு சிறிய உடலில் நீர்வற்றிப்போக ஒரு பகல் போதும். மனிதக் குழந்தைகளுக்கான பால்பொடியும் இதற்கு ஈடாகாது. பூனைக்குட்டிகளுக்கென்றே செய்த மாற்றுப் பால்பொடியைச் செல்லப்பிராணிக் கடைகளில் கேளுங்கள். இங்கே கிடைக்காவிட்டால் மதுரையிலோ திருச்சியிலோ இருந்து தருவிக்கலாம். அது வந்து சேரும்வரை ஓரிரு வேளைக்குக் காய்ச்சி ஆறிய ஆட்டுப்பாலைக் கொண்டு சமாளிக்கலாம், அதையே வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. பால்பொடியை அட்டையில் குறித்த அளவில் கொதித்து ஆறிய நீரில் அவ்வப்போது கரைத்து, உடல் சூடு அளவுக்கு, அதாவது 38 பாகை அளவுக்கு, வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள்.

அளவை எடையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்குச் சுமார் 4 மில்லி லிட்டர்தான் கொள்ளும். அதனால் முதல் வாரத்தில் இரவு பகல் பாராமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையும், அடுத்த இரு வாரங்களில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும் புகட்ட வேண்டியிருக்கும். கத்துகிறதே என்று மிகையாகக் கொடுப்பதும் கழிச்சலில்தான் முடியும்.

சங்கைத் தயவுசெய்து எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மல்லாத்திப் படுக்கவைத்துச் சங்கால் ஊற்றுவது மனிதக் குழந்தைக்குப் பழகிய முறை; பூனைக்குட்டி அப்படிக் குடிக்கப் பிறந்ததன்று. அது தாயிடம் குடிக்கும்போது வயிறு கீழே படும்படிக் குப்புறக் கிடந்து, தலையைச் சற்றே உயர்த்தி உறிஞ்சும். நீங்களும் அதே நிலையில் ஒரு துணிமேல் கிடத்தி, சிறிய ரப்பர் காம்பு உள்ள பால்புட்டியையோ ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சையோ வாயின் ஓரத்தில் வைத்து, அது உறிஞ்சும் வேகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூக்கின் வழியே பால் வெளிவந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்துத் துடைத்துவிடுங்கள். அதற்குப் பின் மூச்சிரைப்போ மூக்கில் கொப்புளிப்போ தொடர்ந்தால் மருத்துவரிடம் கொண்டுபோவதைத் தள்ளிப்போடக் கூடாது.

புகட்டியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மூன்று வாரம் ஆகும்வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க வராது. தாய் நக்கித் தூண்டினால்தான் கழிக்கும். ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றின் கீழும் ஆசனவாயிலும் மெல்ல ஒற்றியெடுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் நீர்ச்சத்து போதுமான அளவில் இருக்கிறது என்று பொருள். அடர்மஞ்சளாக மாறினால் பால் போதவில்லை. பலர் பாலைக் குறையில்லாமல் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுப்படித் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூட வேண்டும். ஒரு நாள் முழுதும் எடை கூடாவிட்டால் ஏதோ சரியில்லை. குறைந்துவிட்டால் அன்றே அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். பச்சிளம் குட்டி நோயைக் கண்ணுக்குக் காட்டுவதற்கு முன்பே எடை காட்டிவிடும்.

கிரைப் வாட்டர், வசம்பு, பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலையும் பினால் வகைப் பொருள்களையும் முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பெரிய பூனையையே கொல்ல ஒரு மாத்திரை போதும். அதே காரணத்தால் குட்டி இருக்கும் அறையைப் பினாயிலால் கழுவக் கூடாது. அந்துருண்டையும் கற்பூரமும் அங்கே இருக்கலாகாது. பெட்டகத்தில் துணிகளுக்கிடையே வைத்திருந்த பழைய சேலையை எடுத்து விரிப்பதானால், வெந்நீரில் அலசி, அந்துருண்டை வாடை அறவே போன பிறகு விரியுங்கள்.


மறுமொழி: புதுவயலிலிருந்து

ஆச்சிக்கு வணக்கம். மருத்துவர் ஐயா சொல்லாமல் விட்ட சிறு செய்திகள் ஒன்றிரண்டு உண்டு. கொட்டானைத் தரையில் வைக்காமல் முக்காலியின்மேல் வைத்து, முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். குட்டியின் தாடையில் காய்ந்த பால்தான் எறும்புக்கு அழைப்பு. எனவே ஒவ்வொரு முறையும் வெந்நீர்த் துணியால் முகத்தைத் துடைத்துவிடுங்கள். எறும்புக்கென்று சுவரில் கோடு இழுக்கும் சாக்குக்கட்டியை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோக வேண்டாம். அதில் இருக்கும் பூச்சிக்கொல்லி பூனைக்கு ஆகாது. தெள்ளுப்பூச்சி இருந்தாலும் நாய்க்கு விடும் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, வாரியதைச் சோப்பு நீரில் உதறினாலே போதும். இவ்வளவு சிறிய உடலில் தெள்ளு மிகுந்தால் இரத்தம் குறைந்தே குட்டி செத்துவிடும் என்பதால் இதைச் சிறு விஷயமென்று விட்டுவிடவும் முடியாது.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, கல்யாண வேலையின் நடுவே இரவெல்லாம் விழித்திருந்து பால் புகட்டுவது நடக்கிற காரியமா என்று யோசிக்கிறேன். எங்கள் வீட்டுப் பூனை அண்மையில் குட்டி போட்டிருக்கிறது. இரண்டே குட்டிகள்தான், பாலுக்குக் குறைவில்லை. பாலூட்டும் பூனை பிற பூனையின் குட்டியை ஏற்பது நான் கண்கூடாகக் கண்டது. தங்களுக்குச் சம்மதமானால் இங்கே கொண்டுவந்து விடலாம்.


கானாடுகாத்தான் ஆச்சி

தங்கச்சி, உங்கள் நல்ல மனத்துக்கு நன்றி. குட்டி சூடேறி விரலைச் சப்பத் தொடங்கிவிட்டது. ஆட்டுப்பாலைச் சிரிஞ்சு வழியாகச் சில சொட்டுகள் குடித்தது. பால்பொடி வாங்க மதுரைக்கு ஆள் போயிருக்கிறது. உங்கள் பூனையிடம் விடுவதில் இடர் ஏதும் உண்டா என்பதையும், மருமகள் பற்றிய கேள்வியையும் மருத்துவர் ஐயா தெளிவுபடுத்த வேண்டும்.


மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், காரைக்குடி

செவிலித்தாய் கிடைப்பதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. எந்தப் பால்பொடியும் தாய்ப்பாலுக்கு நிகராகாது. கூடப்பிறந்தவை போலப் பிற குட்டிகளோடு வளர்வதும் அதன் குணத்துக்கு நல்லது. ஆனால் புதுவயலில் இருக்கும் குட்டிகளையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பூனைகளுக்கு வரும் குடற்கழிச்சல் நச்சுயிரி நோய் குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லக்கூடியது. வந்த குட்டிக்குக் கழிச்சலோ, கண்ணில் பீளையோ, தும்மலோ இருந்தால் சேர்க்கக் கூடாது. போகும் வழியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி, தெள்ளையும் நீக்கிவிட்டுச் சேருங்கள். தாய்ப்பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சீம்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் பிறந்த முதல் நாளில் மட்டுமே உள்ளிழுக்கும். தாய் சில நாள்களாகவே அங்கே நடமாடியதால் இக்குட்டிக்கு அது கிடைத்திருக்கும் என்று நம்பலாம்; உறுதி சொல்ல இயலாது.

சேர்க்கும்போது, அங்குள்ள குட்டிகளின் படுக்கைத் துணியால் இதை நன்றாகத் தடவி, தாய் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து மற்றக் குட்டிகளுக்கு நடுவே வையுங்கள். தாய் திரும்பி வந்ததும் மோந்து பார்த்து நக்கினால் ஏற்றுக்கொண்டது என்று கொள்ளலாம். உறுமினாலோ அடித்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகும் எடை பார்ப்பதை நிறுத்த வேண்டாம். வயதில் மூத்த குட்டிகள் முந்திக்கொண்டு இதைக் காம்பிலிருந்து ஒதுக்கிவிடக்கூடும்.

மருமகள் குறித்து நீங்கள் அஞ்சுவது முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஆனால் பெரியவர்கள் சொல்லும் காரணம் வேறு, உண்மைக் காரணம் வேறு. கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி, பூனையின் மலத்தில் வெளிவருகிறதே தவிர முடியிலோ மூச்சிலோ பரவுவதில்லை. எலியையும் பச்சை இறைச்சியையும் தின்ற பூனைக்குத்தான் பொதுவாக அத்தொற்று ஏற்படுகிறது. பாலன்றி வேறெதுவும் அறியாத குட்டியிடமிருந்து அது வருவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. இருந்தாலும் குட்டியின் கழிவைத் துடைக்கும் வேலையை மருமகளிடம் கொடுக்காதீர்கள். திருமண வீட்டு அடுப்படியில் பச்சைக் கறி கழுவும் கையும், சரியாக வேகாத கறியும் இந்நோய்க்குப் பூனையைவிட அகலமான வாசல்கள் என்பதையும் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

வெறிநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. குட்டியின் உடலில் நாய்க்கடிபோல் பற்காயம் ஏதேனும் தென்பட்டால் வெறுங்கையால் தொடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய பூனையிடம் யாரேனும் கீறலோ கடியோ பட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிய குட்டியைச் சேர்க்கும் நேரத்தில் தாய்ப்பூனை சீறுவது இயல்பு என்பதால் புதுவயல் அம்மா இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கண்கள் 7 முதல் 14 நாள்களுக்குள் தாமாகத் திறக்கும். இமையைப் பிரித்துப் பார்க்காதீர்கள். குடற்புழு நீக்கத்தை இரண்டு மூன்று வாரத்திலும், கெட்டி உணவை நான்காம் வாரத்திலும், முதல் தடுப்பூசியை எட்டாம் வார அளவிலும் மருத்துவரின் சொற்படித் தொடங்கலாம்.


மறுமொழி: புதுவயலிலிருந்து

எங்கள் பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது, ஐயா. ஆச்சி, நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட்டு வாருங்கள். கொட்டானோடு அப்படியே கொண்டுவாருங்கள். காரில் குளிர்சாதனத்தைப் போட வேண்டாம், புட்டிக்கு மாற்ற ஒரு பிளாஸ்கில் வெந்நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பால்பொடி வந்தவுடன் அதையும் இங்கே கொடுத்தனுப்பிவிடுங்கள். பூனை இதை ஏற்காவிட்டால் இரவு முறையை நானும் என் மகளும் பார்த்துக்கொள்கிறோம். அதற்காக நீங்கள் கல்யாண வேலையை நிறுத்த வேண்டியதில்லை.